நல்ல நாள் பார்த்து நின்ற குதிரை

தையல் மிஷின் வாங்கி வரப் போன மனுஷன் கார் வாங்கிக்கொண்டு வந்தால் எந்தப் பெண்டாட்டிதான் வாயை மூடிக்கொண்டிருப்பாள்? ஹன்னாவும் மூடிக்கொண்டிருக்கவில்லை. அன்றைக்கு ரங்கூன் நகரத்துத் தின்கன்ஜூன் பேட்டையில் அவர்கள் தெருவே வாசலுக்கு வந்துவிட்டது.

நடந்தது இதுதான். எண்பத்தொன்பதாம் வருஷம். சிங்கராயர் அப்போது துறைமுகத்தில் கணக்குப் பிரிவு குமாஸ்தா. ஊரை விட்டுக் கிளம்பும் வெளிநாட்டுக்காரர் ஒருவர் வீட்டுச் சாமான்களை விற்கிறார், அதில் நல்ல தையல் மிஷின் ஒன்று இருக்கிறது என்று கேள்விப்பட்டு ஹன்னாதான் அவரை அனுப்பினாள். அவர் போய்ச் சேர்வதற்குள் மிஷினை வேறொருவர் தூக்கிக்கொண்டு போய்விட்டார். பேசாமல் வீடு திரும்பியிருக்கலாம். திரும்பினாரா? கொட்டகைப் பக்கம் எட்டிப் பார்த்தார். தார்ப்பாய்க்கு அடியில் நின்றது அது. பச்சை நிற மஸ்டாங். அமெரிக்காவில் செய்தது, எட்டு சிலிண்டர், முன்பக்கக் கிராதியில் பாய்ந்து ஓடுகிற குதிரைச் சின்னம். பல வருஷமாக ஓடாத வண்டி, பெட்ரோலைக் குடம் குடமாகக் குடிக்கிற வண்டி என்று யாரும் சீந்தவில்லை. மிஷினுக்கு வைத்திருந்த பணத்துக்கே தள்ளிவிட்டார்கள். சைக்கா ஓட்டுகிறவர்கள் மூன்று பேர் தங்கள் சைக்கிள் வண்டிகளில் கயிறு கட்டி இழுத்துவர, சிங்கராயர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி மந்திரி தோரணையில் வந்து இறங்கினார்.

“தைக்கிற மிஷின் எங்கங்க?” என்றாள் ஹன்னா.

“இதுவும் மிஷின்தானே, ஹன்னா.”

இந்தப் பதிலுக்கு ஒரு வாரம் அவருக்கு ராச்சாப்பாடு ஒழுங்காகக் கிடைக்கவில்லை.

மனுஷர் மயங்கியதிலும் ஒரு நியாயம் இருந்தது. பர்மாவில் எழுபதாம் வருஷத்திலிருந்தே வண்டிகள் சாலையின் வலப்பக்கம்தான் போக வேண்டும். ஆனால் வருகிற காரெல்லாம் ஜப்பான் கார், அதற்கு ஸ்டியரிங்கும் வலப்பக்கம். முன்னால் போகிற பஸ்ஸைத் தாண்ட வேண்டுமென்றால் டிரைவருக்கு எதிரே ஒன்றும் தெரியாது. பக்கத்தில் இருக்கிறவன் தலையை நீட்டிப் பார்த்து “போ, போ” என்று சொல்ல வேண்டும். மஸ்டாங்குக்கோ ஸ்டியரிங் இடப்பக்கம். “ரங்கூன்ல சரியான பக்கம் உக்காந்து ஓட்டுற ஆம்பள நான் ஒருத்தன்தான்” என்று அவர் சொல்லாத ஆள் கிடையாது. கோயிலில் ஃபாதரிடம்கூடச் சொன்னார்.

காரை ஓட வைத்தது கமால். பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் பட்டறை வைத்திருந்த மெக்கானிக், சிங்கராயருக்குப் பள்ளிக்கூடத்து சினேகிதன். அமெரிக்க உதிரிப்பாகத்துக்கு எங்கே போவது? கையில் கிடைத்ததை வைத்துத்தான் ஒப்பேற்ற வேண்டும். ரேடியேட்டர் ஹோஸ் பழைய பஸ்ஸிலிருந்து வந்தது. ஃபேன் பெல்ட் அரிசி மில்லிலிருந்து வந்தது. பிரேக்குக்கு லாரி லைனிங்கை அறுத்து ரிவிட் அடித்தான் கமால். உடைந்த பின்விளக்குக்குச் சிவப்பு பிளாஸ்டிக் வாளியை வெட்டி ஒட்டினார்கள். ஹன்னாவின் வாளி, கேட்காமல் எடுத்தது. பெட்ரோல் டேங்கின் வாய் வண்டியின் பின்புறத்தில், இரண்டு விளக்குக்கும் நடுவே இருந்தது. அதன் மூடி எந்தக் காலத்திலோ தொலைந்துவிட்டதால் பால்பவுடர் டின் மூடி ஒன்றை மாட்டினார்கள். கச்சிதமாக உட்கார்ந்தது.

வைப்பர் மோட்டார் மட்டும் கடைசிவரை வழிக்கு வரவில்லை. இரண்டு கயிறு கட்டி, பக்கத்துக்கு ஒன்றாக ஜன்னல் வழியே உள்ளே விட்டார்கள். மழை வந்தால் சிங்கராயர் ஒரு இழுப்பு, ஹன்னா ஒரு இழுப்பு.

“ஊர்ல பொம்பளைங்க கார்ல போனா காத்து வாங்குவாங்க. நான் கயிறு இழுக்கிறேன்” என்பாள். சொல்லிக்கொண்டே தாளம் தப்பாமல் இழுப்பாள்.

அப்புறம் ஒரு நாள் தையல் மிஷினும் வந்து சேர்ந்தது. அதில் ஹன்னா முதலில் தைத்தது என்ன தெரியுமா? காருக்கு சீட் உறை. “கிழிஞ்ச சீட்டைப் பாத்தா நாலு பேரு என்னையத்தான் பேசுவாங்க” என்று முணுமுணுத்துக்கொண்டே, பூப்போட்ட துணியில் ஓரம் மடித்து அழகாகத் தைத்துப் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்தால் சிங்கராயர் சட்டையைக் கழற்றிவிட்டு காருக்கு அடியில் போய்விடுவார். பக்கத்தில் கமாலின் இரண்டு கால் நீட்டிக்கொண்டிருக்கும். எதைச் சரி செய்தாலும் அடுத்த வாரம் வேறொன்று இளித்துக்கொண்டு நிற்கும். இருந்தாலும் வேலை முடிந்து சாவியைத் திருப்பியதும் எட்டு சிலிண்டரும் சேர்ந்து உறுமும் பாருங்கள், தெருக்கோடி தேநீர்க் கடையில் கண்ணாடி டம்ளர்கள் கிணுகிணுக்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டால் சிங்கராயருக்கு வாயெல்லாம் பல். தெருவில் எல்லாரும் அதைக் குதிரை என்றே கூப்பிட்டார்கள்.

ஆனால் அந்தக் குதிரைக்கு ஒரு கெட்ட குணம் இருந்தது. சாதாரண நாளில் தங்கமாக ஓடும். சந்தைக்குப் போகும், ஆஸ்பத்திரிக்குப் போகும், துறைமுகத்துக்குப் போய்த் திரும்பும், ஒரு தும்மல் இருக்காது. நல்ல நாள் வந்ததோ, போச்சு. கிறிஸ்துமஸ் பூசைக்குக் கிளம்பினால் இருமும். ஈஸ்டருக்கு நடுத்தெருவில் குலுங்கி நிற்கும். மகள் ஜாஸ்லின் வெள்ளை கவுன் போட்டுப் புதுநன்மை வாங்கப் போன அன்றைக்கு, கோயில் மணி அடிக்க அடிக்க, குடும்பமே இறங்கித் தள்ளிக்கொண்டு போய்ச் சேர்ந்தது. தொண்ணூற்று மூன்றில் ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிற தன்லியின் ஊருக்குப் பாலம் திறந்தார்கள். ஹன்னாவின் அம்மா வீடு தன்லியினில்தான் இருந்தது. இனி படகு வேண்டாம், காரிலேயே ஜம்மென்று போகலாம் என்று அவள் தம்பி கல்யாணத்துக்குக் கிளம்பினார்கள். பாலத்து ஏற்றத்தில் நின்றுவிட்டது. பட்டுப் புடவையோடு தள்ளியதில் ஹன்னாவின் செருப்பு அறுந்தது. அதிலிருந்து பாலத்து ஏற்றம் கண்ணில் பட்டால் போதும், அவள் செருப்பைக் கழற்றி சீட்டுக்கு அடியில் வைத்துவிட்டுத் தயாராக உட்கார்ந்துகொள்வாள்.

“கூட்டம்னா இதுக்கு வெக்கம் போல, ராயரே” என்று கமால் முதலில் சிரித்தான். பிறகு கார்புரேட்டரைக் கழற்றிப் பார்த்தான். அடியில் தண்ணீர் முத்து முத்தாக நின்றது. “அடச்சே! பெட்ரோல்ல தண்ணி.”

அவ்வளவுதான், பழி ஹாஜரா தலையில் விழுந்தது. ரேஷனில் வருகிற பெட்ரோல் இந்தக் குதிரைக்கு மூக்குப்பொடி அளவுதான். மிச்சத்துக்குத் தெருமுனையில் ஹாஜராவிடம்தான் போக வேண்டும். குடிதண்ணீர் பாட்டில்களில் பெட்ரோலை நிரப்பி, ஒரு பெஞ்சில் வரிசையாக வைத்து, புனலோடு உட்கார்ந்திருப்பாள். கள்ள விலைதான், ஆனால் கள்ளச் சரக்கு இல்லை என்பாள்.

“வல்லாஹி, அல்லா மேல சத்தியமா நான் ஒரு சொட்டு கலந்ததில்ல, ராயரண்ணே. திங்கக்கிழமையும் என் பெட்ரோலைத்தானே குடிக்குது? திங்கக்கிழமை ஏன் நிக்கல?”

சிங்கராயரும் கமாலும் ஒரு பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்கள், தெளிவாகத்தான் இருந்தது. இருந்தாலும் பழி மட்டும் போகவில்லை.

இரண்டாயிரத்து எட்டில் பெரும் புயல் வந்து ஊரைப் புரட்டிப் போட்டது. தின்கன்ஜூன் தெருக்களில் மரங்கள் குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்தன. கமால் சங்கிலி கட்ட, சிங்கராயர் வண்டியை உறுமவிட்டு ஒவ்வொரு மரமாக இழுத்து ஓரம் போட்டார். நாள் முழுக்க இழுத்தார். ஒரு இருமல் இல்லை, ஒரு குலுக்கல் இல்லை. தெருவே கைதட்டியது. ஹன்னா தலையில் அடித்துக்கொண்டாள். “மரம் இழுக்க நிக்கல பாரு. மனுஷங்க பட்டு கட்டுனாத்தான் நிக்கும், சனியன்.”

அடுத்த வருஷம் ஜாஸ்லினுக்குக் கல்யாணம் கூடியது. மாப்பிள்ளை கிறிஸ்டோபர் தன்லியினில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறவன், தங்கமான பையன். கல்யாணமும் தன்லியின் கோயிலில்தான். பெண்ணை அழைத்துப்போக ஏசி வேன் அனுப்புகிறோம் என்றார்கள் மாப்பிள்ளை வீட்டார். ஜாஸ்லின் ஒரே பிடியாக நின்றாள். “நான் குதிரையிலதான் போவேன்.”

ஹன்னா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு புருஷனைப் பார்த்தாள்.

“சரி, உங்க குதிரையிலேயே போகட்டும். ஆனா ஒண்ணு. வீட்டு வாசலை விட்ட பொண்ணு கோயில் வாசல்லதான் காலை வைக்கணும். நடுவுல நின்னு, என் பொண்ணு நடுரோட்டுல இறங்குனா, மறுநாளே இது ஷ்வேப்யிதாவுக்குப் போகணும். மாதா மேல வாக்குக் குடுங்க.”

ஷ்வேப்யிதாவில் பழைய இரும்பை வாங்கி உருக்குகிற உலை ஒன்று இருந்தது. சிங்கராயர் வாசலில் நின்ற வண்டியைத் திரும்பிப் பார்த்தார். ஆனாலும் மகள் பார்த்துக்கொண்டிருந்தாள். “நின்னாலே குடுத்துடறேன். இறங்கக்கூட வேணாம்” என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டார். சொன்ன பிறகு தனியாகப் போய் பானெட்டைத் தடவிக் கொடுத்துவிட்டு வந்தார். அதை உலையில் போட்டால் தன் பாதி உயிரும் அதோடு போய்விடும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

கல்யாணத்துக்கு முந்தின நாள் அவரும் கமாலும் டேங்கைக் கழற்றிக் கவிழ்த்து, காயவைத்து, ஒரு ஈரம் இல்லாமல் மாட்டினார்கள். ஹாஜராவின் பெட்ரோலை அவள் கண் முன்னாலேயே தோல் துணியில் வடிகட்டினார்கள். தண்ணீர் இருந்தால் அந்தத் தோலில் தங்கிவிடும். ஒரு பொட்டு தங்கவில்லை. ஆனால் ஹாஜராவின் முகம் விழுந்துவிட்டது.

“ஜாஸ்லின் எனக்கும் மகதான். அவ கல்யாணத்துக்கா நான் தண்ணி கலப்பேன்? இப்படிச் சந்தேகப்பட்டீங்கள்ல, நான் கல்யாணத்துக்கு வரல. போங்க.”

சிங்கராயருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. சமாதானமாக என்னென்னவோ சொன்னார். அவள் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

மறுநாள் காலை வீடு கல்யாணக் களையில் இருந்தது. கிளம்பும் நேரத்தில், எந்த நல்ல நாளிலும் செய்கிறபடி, ஹன்னா மாதா படத்தடியிலிருந்து தீர்த்த பாட்டிலை எடுத்தாள். பிப்ரவரி திருவிழாவுக்கு ஞாங்லேபின் மாதா கோயிலுக்குப் போகும்போதெல்லாம் நிரப்பிக்கொண்டு வருவது. ஜாஸ்லின் நெற்றியில் சிலுவை போட்டாள், புருஷன் நெற்றியில் போட்டாள், மூக்கை உறிஞ்சினாள். பிறகு எப்போதும் சொல்வதைச் சொன்னாள். “நீங்க போய் உக்காருங்க. நான் பூட்டிட்டு வர்றேன்.”

வழக்கம்போல் கடைசியாகத்தான் வந்து ஏறினாள். சிங்கராயர் சாவியைத் திருப்பினார். குதிரை உறுமியது. பின்னால் விருந்துப் பாத்திரங்களும் சொந்தக்காரர்களும் ஏறிய லாரியில் கமால் வந்தான்.

தின்கன்ஜூனைத் தாண்டும்வரை எல்லாம் பட்டாகப் போனது. ஜாஸ்லின் ஜன்னல் வழியே கையை ஆட்டிக்கொண்டே வந்தாள். பாலத்து ஏற்றம் தெரிந்ததும் ஹன்னா செருப்பைக் கழற்றி சீட்டுக்கு அடியில் தள்ளினாள். சிங்கராயர் ஆக்சிலேட்டரை மிதித்தார்.

குதிரை ஒரு தடவை இருமியது.

“இல்லடா ராஜா, இல்ல” என்றார் சிங்கராயர். அது இன்னொரு தடவை இருமியது, பல்லை நறநறவென்று கடித்தது, குலுங்கியது, ஏற்றத்தின் அடியிலேயே ஓரமாக நின்றுவிட்டது. சாவியைத் திருப்பத் திருப்ப வெறும் முனகல்தான். அவர் ஸ்டியரிங் மேல் நெற்றியை வைத்துக்கொண்டார். ஷ்வேப்யிதா உலையின் வெக்கை முகத்தில் அடித்த மாதிரி இருந்தது.

“கெய்சா மஷிபூ, அப்பா. ஒண்ணும் ஆகல” என்று பின்னாலிருந்து தோளைத் தொட்டாள் ஜாஸ்லின். பாதி பர்மியம், பாதி தமிழ், அவள் பேச்சு எப்போதும் அப்படித்தான்.

ஹன்னா ஒரு வார்த்தை திட்டவில்லை. அது ஒன்றே சிங்கராயருக்குப் பயமாக இருந்தது. வெளிறிப்போய், வெறுங்காலோடு இறங்கி, வண்டியின் பின்பக்கம் போய் நின்றுகொண்டாள்.

கமால் லாரியிலிருந்து குதித்து ஓடி வந்தான். சுருட்டோடு வேடிக்கை பார்க்க வந்த ஒரு மாமாவை “மொதல்ல அதை அணைச்சுத் தொலைங்க!” என்று விரட்டிவிட்டு, ஒரு பிரியாணி அண்டாவின் மூடியை வாங்கிக்கொண்டு காருக்கு அடியில் புகுந்தான். டேங்கின் அடித் திருகைத் திறந்தான். கலகலவென்று கொட்டியது.

“தண்ணி!” என்று கத்தினான். “ராயரே, சுத்தமான தண்ணி! பாட்டில் கணக்கா கொட்டுது! அந்த ஹாஜராவை இன்னிக்கு நான்…”

“வடிகட்டித்தானே ஊத்தினோம்? நானே பாத்தேனே?” என்றார் சிங்கராயர். ஒன்றும் புரியவில்லை அவருக்கு.

பெட்ரோல் வரத் தொடங்கியதும் கமால் திருகை மூடிவிட்டு, மூடியில் தளும்பிய தண்ணீரை ரோட்டில் வீசப் போனான்.

“கீழ ஊத்தாதீங்க!” ஹன்னா போட்ட சத்தத்தில் லாரியில் இருந்தவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள்.

“அண்ணி, பெட்ரோல் நாத்தம் அடிக்கிற தண்ணி இது.”

“அது மாதா தீர்த்தம்!”

கமால் மூடியை ஏந்தியபடி அப்படியே நின்றான். சிங்கராயர் மெதுவாக மனைவி பக்கம் திரும்பினார்.

“என்ன சொன்ன?”

“காலைல பாட்டிலோட ஊத்துனேன். இன்னிக்கு ஒரு நாளாவது இது நிக்கக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டு ஊத்துனேன்.”

“எதுல?”

“அது வாயிலதான்” என்று பால்பவுடர் டின் மூடியைக் காட்டினாள். “மேல தெளிச்சா வெயில்ல காஞ்சு போயிடாதா? குடிச்சாத்தானே உள்ள போவும்.”

“இன்னிக்கு மட்டுமா?”

ஹன்னா தலையைக் குனிந்துகொண்டாள். “நல்ல நாளைக்கு மட்டுந்தான். ஒரு மூடி ஊத்துவேன். தூரமாப் போறதுன்னா ரெண்டு மூடி.”

கமால் அண்டா மூடியைக் கீழே வைத்துவிட்டு ரோட்டிலேயே சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டான். கிறிஸ்துமஸ், ஈஸ்டர், புதுநன்மை, தம்பி கல்யாணம் என்று வரிசையாக நினைத்துப் பார்த்தார் சிங்கராயர். எல்லா நாளும் இவள் கடைசியாகத்தான் வந்து ஏறினாள். பூட்டிவிட்டு வருகிறேன், பூட்டிவிட்டு வருகிறேன் என்று.

“இதைப் பாத்தாலே உனக்கு ஆகாதேன்னு நெனச்சிருந்தேனே, ஹன்னா. உனக்கு எதுக்கு இந்த வேலை?”

“எதுக்கா?” சட்டென்று அவளுக்குப் பழைய குரல் வந்துவிட்டது. கண்ணில் மட்டும் தண்ணீர். “இது நின்னா நீங்க மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு ரெண்டு நாளைக்குச் சோறு தண்ணி இல்லாம உக்காந்திருப்பீங்களே, அதை யாரு பாக்கிறது?”

சிங்கராயர் கைக்குட்டையை எடுத்து அவளிடம் நீட்டினார். அப்புறம் சிரிப்பு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கமால் சிரித்தான், லாரியில் இருந்தவர்கள் சிரித்தார்கள், காருக்குள்ளிருந்து ஜாஸ்லின் பூச்செண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“அம்மா, அப்போ வாக்கு? நாளைக்கு ஷ்வேப்யிதாவா?” என்று சீண்டினாள்.

“அனுப்புறதுன்னா என்னையத்தான்டி அனுப்பணும்!” என்றாள் ஹன்னா. “அது பாவம், குடுத்ததைக் குடிச்சுச்சு.”

யாரும் மிதிக்காத இடமாகப் பார்த்து, சாலையோரத் தூங்குமூஞ்சி மரத்தின் வேரடியில் அந்தத் தீர்த்தத்தை ஊற்றிவிட்டு வந்தார் சிங்கராயர். கமால் குழாயையும் கார்புரேட்டரையும் வடித்து மாட்டினான். சாவி திரும்பியது. எட்டு சிலிண்டரும் ஒரே குரலில் உறுமின. வாசலை விட்ட பெண் கோயில் வாசலில்தான் காலை வைத்தாள். ஃபாதர் கொஞ்சம் கடிகாரத்தைப் பார்த்தார், அவ்வளவுதான்.

பூசை முடிந்து மோதிரம் மாற்றி எல்லாரும் கை குலுக்கிக்கொண்டிருந்தபோது ஹன்னா புருஷனின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். “விருந்துக்கு நேரம் இருக்கு. வண்டியை எடுங்க. ஹாஜராக்காகிட்ட போகணும்.”

திரும்பவும் பாலத்தைத் தாண்டித் தின்கன்ஜூனுக்குப் போனார்கள். ஹாஜரா பெஞ்சுக்குப் பின்னால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஹன்னா இறங்கிப் போய் அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

“அக்கா, தண்ணி கலந்தது நான்தான்.”

முழுக் கதையையும் கேட்ட ஹாஜரா தன் கையை வெடுக்கென்று உருவிக்கொண்டாள். “அடிப் பாவி!” என்றாள். “இத்தனை வருஷமா என் பேரு நாறுனது உன்னாலயா?” திட்ட வாயெடுத்தவளுக்குச் சிரிப்பு முந்திக்கொண்டது. சிரிக்கவும் செய்தாள், முந்தானையால் கண்ணையும் துடைத்துக்கொண்டாள். சிங்கராயர் பக்கம் திரும்பி, “இப்பச் சொல்லுங்க, ராயரண்ணே. திங்கக்கிழமை ஏன் நிக்கலன்னு தெரிஞ்சுதா?” என்றாள்.

“தெரிஞ்சுது தாயே. மன்னிச்சுக்க. வா, ஏறு.”

பாட்டில்களைப் பக்கத்துக் கடையில் ஒப்படைத்துவிட்டு, ஒன்றை மட்டும் தன் கையாலேயே டேங்கில் ஊற்றி, டின் மூடியை அழுத்தி மூடினாள் ஹாஜரா. பின்சீட்டில் பூப்போட்ட உறை மேல் சாய்ந்து, ஜாஸ்லின் போன மாதிரியே ஜன்னல் வழியே தெருவுக்குக் கையை ஆட்டினாள்.

பாலத்து ஏற்றம் வந்தது. சிங்கராயர் ஆக்சிலேட்டரை மிதித்துக்கொண்டே ஓரக்கண்ணால் கீழே பார்த்தார். ஹன்னா பின்பக்கம் திரும்பி ஹாஜராவோடு விடாமல் பேசிக்கொண்டிருந்தாள். செருப்பு காலிலேயே இருந்தது.